இஸ்திகாமத்: உறுதியாய் நிற்றல்

பள்ளிக்கூடம் போகும் நம் பிள்ளைகள் ஆங்கிலப் பாடத்தில் ‘ஸ்டெட்ஃபாஸ்ட்’ என்னும் சொல்லைப் படிக்கிறார்கள். ‘ஃபாஸ்ட்’ என்றதும் வேகம் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். அச்சொல்லின் பழம்பொருள் வேகமன்று, உறுதி. ‘ஸ்டெட்’ என்பது இடம். நின்ற இடத்தில் உறுதியாய் நிற்பதே முழுப் பொருள். ஜெகதாப்பட்டினம் துறையில் விசைப்படகைக் கயிற்றால் இறுகக் கட்டுகிறோமே, அந்த இறுக்கத்திற்கும் ஆங்கிலத்தில் ‘ஃபாஸ்ட்’ என்றே சொல்வார்கள்.

நோன்பைக் குறிக்கும் ‘ஃபாஸ்ட்’ என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். தமிழிலும் அப்படியே. நோன்மை என்றால் பொறுமை, வலிமை. அதன் இனச்சொல்லே நோன்பு. ஆகவே நோன்பு வெறும் பட்டினியன்று; உறுதிக்கான பயிற்சி.

இவ்வுறுதியை மார்க்கம் இஸ்திகாமத் என்கிறது. ஹூது அத்தியாயம் 112-வது வசனத்தில் அல்லாஹ் தன் ரஸூலுக்கும், அவர்களுடன் தவ்பா செய்து மீண்டோருக்கும் இதையே ஏவுகிறான். இனி வேறெவரிடமும் கேட்க வேண்டியிராத ஒரு சொல்லைக் கற்றுத் தருமாறு ஸுஃப்யான் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் வேண்டினார்கள். அல்லாஹ்வை ஈமான் கொண்டதாகச் சொல்லி, பின்னர் அதிலேயே உறுதியாய் நிற்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸ்.

நம் நிலை என்ன? ரமலானில் பள்ளிவாசலில் இடம் கிடைப்பதில்லை. ஷவ்வால் பிறந்ததும் சுபுஹுக்கு ஒரு ஸஃப்பு நிறைவதே அரிதாகிறது. வேகம் இருந்தது, உறுதி இல்லை. இரவுத் தொழுகையை வழக்கமாக்கிப் பின்னர் கைவிட்ட ஒருவரைப் போல் ஆகிவிட வேண்டாமென்று நபி (ஸல்) அவர்கள் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களை எச்சரித்தது புகாரியில் உள்ளது. குறைவாயினும் விடாது செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்ற நபிமொழியை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

கடலுக்குப் போகிறவர், படகின் ஆட்டத்தில் நிற்க இயலாவிட்டால் உட்கார்ந்து தொழலாம். தொழுகையை விட்டுவிட அனுமதியில்லை. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, இலங்கைச் சிறையில் இருக்கும் கணவரின் விடுதலைக்காக நாட்களை எண்ணும் பெண்மணிகளும் நம் கரையோர ஊர்களில் உண்டு. துன்பம் வந்த அன்று புதிதாகத் தேடினால் உறுதி கிடைத்துவிடாது. நாள்தோறும் விடாமல் தொழுத பழக்கமே அன்று மனத்தைத் தாங்கி நிற்கும்.

எனவே இன்றே சிறிதாய்த் தொடங்குவோம். ஐவேளைத் தொழுகையை அதனதன் நேரத்தில் பேணுவோம். சுபுஹுக்குப் பின் குர்ஆனில் ஒரு பக்கமேனும் ஓதுவோம். பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்வோம். எது இயலுமோ அதை எடுத்து, எடுத்ததை விடாதிருப்போம்.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களைத் தன் தீனில் உறுதியாக்கி வைப்பானாக! ஆமீன்.