தூண்டாத குழியில் மஞ்சள் நிறம்

டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தை அளந்த அந்த எலைசா பிளேட் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. 96 குழிகள். கடைசியில் அமிலம் விட்டதும் நீலம் மஞ்சளாக மாறும் சில நொடிகளுக்காக மூன்று வாரம் உழைத்திருந்தேன். மைடி88 மரபணுவை அடக்கிய செல்களின் குழிகளில் ஏறக்குறைய நிறமே இல்லை. ஒப்பீட்டுக்கான கன்ட்ரோல் வைரஸ் கொடுத்த செல்களின் குழிகள் நல்ல மஞ்சள். அதுவும் எந்தத் தூண்டலும் கொடுக்காத வரிசையிலேயே. ‘மைடி88 குறைந்தால் அடிப்படை அழற்சியே குறைகிறது’ என்று நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தேன்.

ஆய்வகத்தில் எனக்கு மூத்த அக்கா ஒருவர் பிளேட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“கன்ட்ரோலுக்கு எல்பிஎஸ் போட்டியா?”

“இல்லக்கா, சும்மாதான் விட்டேன்.”

“சும்மா விட்ட செல்லு எதுக்கு டிஎன்எஃப் சுரக்கணும்?”

என்னிடம் பதில் இல்லை. அதைத் தேடி அலைந்த மாதங்களில் கற்றதை, இதே வேலையில் இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

மைடி88 என்பது நம் எதிர்ப்புச் செல்களில் செய்தியைக் கைமாற்றும் புரதம். பாக்டீரியாவின் துணுக்குகளைச் செல்லின் டோல் ஏற்பிகள் (டிஎல்ஆர்) அடையாளம் கண்டதும், அந்தச் செய்தியை உள்ளே கொண்டுபோவது இதுதான். டிஎல்ஆர்3 தவிர ஏறக்குறைய எல்லா டோல் ஏற்பிகளும் இதை நம்பியிருக்கின்றன. இந்தப் புரதம் செயல்படாமல் பிறக்கும் குழந்தைகளைப் பற்றி 2008இல் ஓர் ஆய்வு வந்தது. நிமோகாக்கஸ் போன்ற சீழ் உண்டாக்கும் கிருமிகள் அவர்களைத் திரும்பத் திரும்பத் தாக்குகின்றன. பிள்ளைப் பருவத்தைத் தாண்டிவிட்டால் தொற்று குறைகிறது. அதைப் படித்த நாளிலிருந்து இந்த மரபணு என்னை விடவில்லை.

அடக்குவதற்கு நாங்கள் பயன்படுத்தியது லென்டிவைரஸ். எச்ஐவியிலிருந்து நோய் உண்டாக்கும் பகுதிகளையும் பெருகும் திறனையும் நீக்கி, சுமை தூக்கும் வண்டியாக மட்டும் மாற்றியது. அதில் எஸ்எச்ஆர்என்ஏ என்ற சிறு கட்டளையை ஏற்றி அனுப்பினால், அது செல்லின் டிஎன்ஏவோடு சேர்ந்துகொண்டு மைடி88இன் ஆர்என்ஏவை ஓயாமல் சிதைக்க வைக்கும். எச்ஈகே 293டி செல்களுக்கு மூன்று பிளாஸ்மிட்களைக் கொடுத்து, 48, 72 மணி நேரங்களில் மீடியத்தை எடுத்து, 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டினால் வைரஸ் கிடைத்துவிடும். இந்தச் செய்முறை எந்தக் கையேட்டிலும் இருக்கும். கையேடு எனக்குச் சொல்லாதது, வடிகட்டிய மீடியத்தில் வைரஸோடு வேறு என்னவெல்லாம் வருகிறது என்பதுதான்.

பிளாஸ்மிட்டை வளர்ப்பது ஈ.கோலை பாக்டீரியாவில். அதன் வெளிச்சவ்வில் இருக்கும் எல்பிஎஸ், அதாவது எண்டோடாக்சின், சாதாரண கிட்டில் பிரித்தெடுக்கும்போது முழுதாகப் போவதில்லை. 293டி செல்களில் அதை உணரும் டிஎல்ஆர்4 இல்லை. அதனால் அவை எதையும் காட்டிக்கொடுக்காது. ஆனால் அதே மீடியத்தை மோனோசைட்டுகளுக்குக் கொடுக்கும்போது, எல்பிஎஸ்ஸைக் கண்டதும் கொந்தளிப்பதற்கென்றே இருக்கும் செல்களின் மேல் எல்பிஎஸ்ஸை ஊற்றுகிறோம். நான் இன்னொரு தவறும் செய்திருந்தேன். மைடி88 பிளாஸ்மிட்டை எண்டோடாக்சின் நீக்கும் கிட்டில் புதிதாகத் தயாரித்தேன். கன்ட்ரோல் பிளாஸ்மிட், ஃபிரீசரில் பழைய பெட்டியில் இருந்தது. சாதாரண கிட்டில் எடுத்தது. நோட்டில் இரண்டு கோடு இழுத்துக் கொண்டாடிய வித்தியாசம் அந்த இரண்டு கிட்களுக்கு இடையே இருந்த வித்தியாசம்தான்.

அதை உறுதிசெய்ய வழி காட்டியதும் அக்காதான். வைரஸ் மீடியத்தை ஒரு பங்கு கொதிக்கவைக்கச் சொன்னார். வைரஸ் அழிந்துவிடும், எல்பிஎஸ் அந்தச் சூட்டைத் தாங்கும். இன்னொரு பங்கில் எல்பிஎஸ்ஸைப் பிடித்துக்கொள்ளும் பாலிமிக்சின் பி மருந்தைக் கலக்கச் சொன்னார். கொதித்த மீடியம் அப்படியே டிஎன்எஃப்பைக் கிளப்பியது. பாலிமிக்சின் கலந்தது அடங்கிப் போனது. எதிர்ப்புச் செல்களில் வேலை செய்யும் எவரும் முதல் வைரஸ் தொகுதியிலேயே இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும். எல்லாப் பிளாஸ்மிட்டையும் ஒரே நாளில், ஒரே கிட்டில் எடுங்கள்.

எண்டோடாக்சின் போனாலும் வைரஸ் இருக்கிறது. வைரஸ் வந்தால் சத்தம் போடுவதுதான் இந்தச் செல்களின் தொழில். எஸ்எச்ஆர்என்ஏ வெக்டர்களே இன்டர்ஃபெரான் எதிர்வினையைக் கிளப்பக்கூடும் என்று 2003இலேயே எழுதியிருக்கிறார்கள். அதனால் மூன்று குழுக்கள் வேண்டும்: வைரஸையே பார்க்காத செல்கள், கன்ட்ரோல் வைரஸ் பெற்றவை, மைடி88ஐ அடக்கிய நாக்டவுன் செல்கள். முதல் இரண்டுக்கும் இடையே ஓஏஎஸ்1 போன்ற இன்டர்ஃபெரான் மரபணுக்களை அளந்து பாருங்கள். அங்கே ஏற்றம் தெரிந்தால் மூன்றாவது குழுவின் எண்ணைப் படிக்கவே வேண்டாம்.

செல்களைப் பற்றியும் ஒன்று. மோனோசைட் வகையான டிஎச்பி-1 செல்களை பிஎம்ஏ கொடுத்து மேக்ரோஃபேஜாக மாற்றிய பிறகு வைரஸ் போட்டால் உள்ளே போவது மிகக் குறைவு. சாம்ஹெச்டி1 என்ற புரதம் டிஎன்ஏ கட்டத் தேவையான மூலப்பொருளைச் சிதைத்துவிடுகிறது. வைரஸால் தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்ற முடிவதில்லை. இதை 2011இல் கண்டுபிடித்தார்கள். பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் டிஎச்பி-1இல் அந்தப் புரதம் பெரும்பாலும் முடங்கியிருக்கும். எனவே மிதக்கும் நிலையிலேயே வைரஸைக் கொடுத்து, பியூரோமைசினில் தேர்ந்தெடுத்து, பிறகு பிஎம்ஏ போடுங்கள். வைரஸ் கொடுக்கும்போது பிளேட்டைச் சென்ட்ரிஃபியூஜில் 90 நிமிடம் சுற்றியது எங்களுக்கு நன்றாக உதவியது. பியூரோமைசின் எவ்வளவு என்பதை உங்கள் செல்களில் நீங்களே அளந்துகொள்ளுங்கள். பக்கத்து ஆய்வகத்தின் அளவு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

ஆர்என்ஏ குறைந்தது என்று க்யூபிசிஆர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். பழைய புரதம் நாள்கணக்கில் செல்லுக்குள் இருக்கும். என் முதல் சோதனையின் மூன்றாம் நாள் செல்களைப் பிறகு வெஸ்டர்ன் பிளாட்டில் ஓட்டினேன். மைடி88 பட்டை கன்ட்ரோலில் இருந்ததைப் போலவே தடித்து இருந்தது. அடங்கவே அடங்காத புரதம் குறைந்ததன் விளைவு என்றுதான் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

தூண்டலுக்கு எல்லோரும் எல்பிஎஸ்ஸைத்தான் கையில் எடுப்பார்கள். டிஎல்ஆர்4க்கு மைடி88 ஒரு வழி, ட்ரிஃப் இன்னொரு வழி. ஒன்றை அடைத்தால் மற்றது திறந்திருக்கும். டிஎல்ஆர்2ஐத் தூண்டும் பாம்3சிஎஸ்கே4 மைடி88ஐத்தான் நம்பியிருக்கிறது. அடக்கியதா இல்லையா என்பது அதில் தெளிவாகத் தெரியும். கூடவே டிஎல்ஆர்3க்கான பாலி ஐ:சி போடுங்கள். அந்தப் பதில் நாக்டவுனிலும் குறையக் கூடாது. குறைந்தால் உங்கள் செல்கள் சோர்ந்திருக்கின்றன. வெவ்வேறு இடங்களைத் தாக்கும் எஸ்எச்ஆர்என்ஏ குறைந்தது இரண்டு வேண்டும்; இரண்டும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். எஸ்எச்ஆர்என்ஏ பிடிக்க முடியாதபடி எழுத்து மாற்றிய மைடி88ஐத் திரும்பக் கொடுத்து, இழந்த பதில் திரும்புகிறதா என்று பார்ப்பது எல்லாவற்றையும்விட வலுவான சாட்சி. அதற்கு எங்களுக்கு ஒன்றரை மாதம் பிடித்தது. அந்த ஒன்றரை மாதத்தை யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பாதுகாப்பில் சமரசம் கிடையாது. பெருகாத வைரஸ் என்றாலும் அதன் உறை மனிதச் செல்லுக்குள் நுழையக்கூடியது. உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி கையில் வந்த பிறகே தொடங்குங்கள். இரட்டைக் கையுறை போடுங்கள். ஹூடுக்குள் ஊசியோ கண்ணாடிப் பிப்பெட்டோ வேண்டாம். கழிவு முழுவதும் பிளீச்சில் ஊறட்டும்.

நாக்டவுன் செல்கள் வளர வளர மாறும். மரபணுவை நன்றாக அடக்கியவை பின்தங்கி, அரைகுறையாக அடக்கியவை முந்திக்கொள்ளும். எங்களுடைய ஒரு செல் வரிசையில் இரண்டு மாதத்தில் மைடி88 பட்டை மெல்லத் திரும்பிவிட்டது. அதன் பிறகு தேர்வு முடிந்த வாரமே பத்துக் குப்பிகளை உறையவைக்கிறோம். மூடியில் வைரஸ் தொகுதி எண், பாஸேஜ் எண், பிளாஸ்மிட் எடுத்த கிட் மூன்றையும் எழுதுகிறோம். நான் எழுதியவற்றில் இரண்டு குப்பிகள் இன்னும் நைட்ரஜன் டேங்கில் இருக்கின்றன.