விண்வெளிச் சுடும் விளையாட்டு: தொடக்க மாணாக்கருக்கான மாதிரி அமைப்பு

கணிப்பொறிக்குக் கட்டளை எழுதப் பழகும் மாணாக்கர் பலர் முதன்முதலில் ஆக்க விரும்புவது ஏதேனும் ஒரு விளையாட்டையே. கீழே ஒரு கலம், மேலே அணிவகுத்த எதிரிகள், இடையே பாயும் குண்டுகள் என்னும் அமைப்புடைய விண்வெளி விளையாட்டு ஆசிரியருக்கும் மிக உகந்ததாகும். இடப்பெயர்ச்சி, வேகம், ஆயத்தொலைகள், மோதல் ஆகியன அதில் வலிந்து புகுத்தாமலே வந்து அமைகின்றன. எனினும், நாற்பது நிமிட வகுப்பில் வெற்றுத் திரையிலிருந்து தொடங்கி அதனை முடித்தல் இயலாது. ஆகவே ஆசிரியர் முன்னதாக ஒரு மாதிரியை ஆக்கி மாணாக்கர் கையில் அளித்தல் வேண்டும். அம்மாதிரி எவ்வாறு அமைதல் வேண்டும், எங்கே அது தவறக்கூடும் என்பன ஈண்டு ஆராயப்படுகின்றன.

ஆங்கிலத்தில் டெம்ப்ளேட் எனப்படுவதைத் தமிழில் வார்ப்புரு என்று வழங்குவதுண்டு. வார்ப்பில் ஊற்றிய பொருள்கள் யாவும் ஒன்றுபோலவே வரும்; நமக்கு வேண்டுவது அதுவன்று. தையற்காரர் வைத்திருக்கும் காகித வெட்டைப் போன்று, ஆளுக்கேற்ப அரை அங்குலம் கூட்டவும் குறைக்கவும் இடந்தருவதையே இக்கட்டுரையில் மாதிரி என்கிறோம்.

இவ்வகை விளையாட்டுக்களில் பெரும்புகழ் பெற்றது, ஜப்பானில் டைட்டோ நிறுவனத்திற்காக டொமோஹிரோ நிஷிகாடோ ஆக்கி 1978ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆகும். அதில் வரிசைக்கு 11 வீதம் 5 வரிசைகளில் 55 எதிரிகள். அதனை இயக்கிய இன்டெல் 8080 என்னும் செயலி, இன்றைய அளவுகோலில் மிக மெதுவானது. திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும்போது ஓர் எதிரி மட்டுமே இடம் பெயரும். நொடிக்கு ஏறத்தாழ 60 முறை திரை புதுப்பிக்கப்பட்டமையால், படை முழுவதும் ஓரடி நகர ஒரு நொடிக்குச் சற்றே குறைவான காலம் பிடித்தது. எதிரிகள் மடிய மடிய எஞ்சியோருக்கு முறை விரைந்து வந்தது. இறுதியில் நின்ற ஒருவன் ஒவ்வொரு புதுப்பித்தலிலும் பாய்ந்தான். பொறியின் குறைபாடே விளையாட்டின் விறுவிறுப்பாயிற்று. இன்றைய கணிப்பொறியில் இவ்விளைவு தானாக வாராது. நாமே எழுதிச் சேர்த்தல் வேண்டும்.

மாதிரியை ஆக்க ஸ்கிராட்ச் என்னும் மொழியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மீடியா ஆய்வகத்தில் உருவாகி 2007இல் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்ட இம்மொழியில், கட்டளைகள் வண்ணக் கட்டைகளாகக் கோக்கப்படுகின்றன. இதன் அரங்கு 480 அலகு அகலமும் 360 அலகு உயரமும் உடையது, மையமே ஆதிப்புள்ளி. எனவே எக்ஸ் ஆயத்தொலை -240 முதல் 240 வரையிலும், ஒய் ஆயத்தொலை -180 முதல் 180 வரையிலும் செல்லும். கட்டளைகள் நொடிக்கு 30 சுற்றுக்கள் இயங்கும்.

எதிரிகளை 3 வரிசைகளில் 8 வீதம் 24 எனக் கொள்க. அரங்கின் பகுதியில், பச்சைக் கொடியின் கீழ், மாற்றத்தக்க எண்கள் அனைத்தையும் தமிழ்ப் பெயருடைய மாறிகளாக ஓரிடத்தில் எழுதுக: கலத்தின் வேகம் 8, குண்டின் வேகம் 10, சுடும் இடைவெளி 0.2 நொடி, எதிரிகளின் அடி 6. கட்டைகளுக்குள் ஆங்காங்கே எண்ணைப் புதைத்து வைத்தல் கூடாது. எதிரிகள் ஓரடி வைத்து மறுஅடி வைக்கும் இடைவெளியை, எஞ்சியோர் எண்ணிக்கையை 30ஆல் வகுத்துப் பெறலாம். 24 பேர் உள்ளபோது அது 0.8 நொடி, ஒருவன் எஞ்சும்போது ஒரு சுற்றின் காலம். நிஷிகாடோவின் பொறி தந்த விறுவிறுப்பு இந்த ஒரு வகுத்தலில் கிடைத்துவிடுகிறது.

இனி, மிகக் கவனம் வேண்டிய இடத்திற்கு வருவோம். கலம் சுடும்போதெல்லாம் குண்டின் நகல் ஒன்று பிறக்கிறது. எதிரியைத் தாக்கிய குண்டு மறைய வேண்டும் என்பதை எவரும் மறப்பதில்லை. குறி தவறிய குண்டு என்னாகிறது? ஸ்கிராட்ச் எந்த உருவையும் அரங்கைவிட்டு முழுவதும் வெளியேற விடாது. ஆதலின் அக்குண்டு மேல் விளிம்பில் சிறு கீற்றாக ஒட்டிக்கொண்டு நிற்கும். நகல்களுக்கோ மொத்த வரம்பு 300. எதிரிகள் 24 போக எஞ்சுவன 276. நொடிக்கு 5 குண்டுகள் வீதம் சுட்டால் 55 நொடியில் அவை தீர்ந்துபோம். அதன்பின் விசையை எவ்வளவு அழுத்தினும் குண்டு பிறவாது. பிழைச்செய்தி ஒன்றும் தோன்றாது. விசைப்பலகை பழுதென்று கருதி அதனை மாற்றிப் பார்த்தவரும் உண்டு.

இப்பிழை யாரை முதலில் தாக்குகிறது என்பதை ஆசிரியர்கள் எண்ணிப் பார்த்தல் நலம். மாதிரியை ஆக்கியவர் குறி பிசகாமல் சுட்டு அரை நிமிடத்தில் ஆட்டத்தை முடித்துவிடுவார்; அவர் கண்ணில் இது படுவதேயில்லை. குறி பார்க்கத் தெரியாமல், விசையை விடாது அழுத்திக்கொண்டிருக்கும் புதிய மாணாக்கனுக்கே துப்பாக்கி ஊமையாகிறது. தான் ஏதோ கெடுத்துவிட்டதாக அவன் அஞ்சுவான். ஆகவே வகுப்பிற்குச் செல்லுமுன், எதிரிகளின் அடியைச் சுழியாக்கி, கலத்தை எதிரிகள் இல்லாத மூலையில் நிறுத்தி, சுடும் விசையை இரண்டு நிமிடம் அழுத்திப் பார்த்தல் இன்றியமையாதது.

பரிகாரம் எளிது. குண்டின் ஒய் ஆயத்தொலை 170ஐத் தாண்டியதும் அந்நகலை நீக்குக என்னும் கட்டளை போதும். கலத்தின் முனை -140இல் இருப்பின், குண்டு கடக்கும் தூரம் 310 அலகு. சுற்றுக்கு 10 அலகு வீதம் 31 சுற்றுக்கள், அதாவது ஏறத்தாழ ஒரு நொடி. நொடிக்கு 5 குண்டுகள், ஒவ்வொன்றின் ஆயுளும் ஒரு நொடி எனில், எந்த வேளையிலும் அரங்கில் சுமார் 5 குண்டுகளே இருக்கும். இக்கணக்கை மாணாக்கரையே போடச் செய்யலாம்.

குண்டின் வேகத்தை 50 ஆக்கினால் சில குண்டுகள் எதிரியைத் தொடாமலே ஊடுருவிப் போவதையும் காணலாம். ஒவ்வொரு சுற்றின் முடிவில் நிற்கும் இடத்தில் மட்டுமே மோதல் சோதிக்கப்படுகிறது; இடைவழி பார்க்கப்படுவதில்லை. எதிரியின் உயரம் 24, குண்டின் நீளம் 10 எனில், 34 அலகுக்கு மேற்பட்ட பாய்ச்சல் எதிரியைத் தாண்டிவிடக்கூடும். இதனை மாதிரியில் திருத்தாமல் விட்டுவைத்து, காரணத்தை மாணாக்கரே கண்டறியச் செய்வது என் பரிந்துரை.

பலர் ஒரே வேளையில் கூடி உலவும் மெய்நிகர் உலகங்களில் இதே விளையாட்டை அமைப்போர், குண்டு பிறப்பதையும் மறைவதையும் வேறு விதமாகக் கையாளுதல் நன்று. அங்கே நீக்கப்படாத ஒவ்வொரு குண்டும் சுட்டவரை மட்டுமன்றி அவ்வுலகில் உள்ள அனைவரையும் தாமதப்படுத்தும். தேநீர்க் கடையில் வருவோர்க்கெல்லாம் புதிய தம்ளர் வாங்குவாரில்லை; இருப்பவற்றைக் கழுவிக் கழுவி மீண்டும் வழங்குகின்றனர். அதுபோல, ஆட்டக்காரர் ஒருவருக்கு 5 குண்டுகளும், சுற்று பிசகும் வேளைக்கென மேலும் 2 குண்டுகளும் தொடக்கத்திலேயே ஆக்கி மறைத்து வைத்து, சுடும்போது ஒன்றைக் கலத்தின் முனைக்குக் கொணர்ந்து, அதன் பயணம் முடிந்ததும் பழைய இடத்திற்கே திருப்பி அனுப்பலாம். ஆட்டக்காரர் நால்வர் எனின் 28 குண்டுகள்.