பொந்தன்புளி மரத்தின் வடிவமும் வளர்ச்சியும்

அரியூர், வில்லியனூர், பாகூர் வட்டாரங்களில் நமக்குப் பழக்கமான பெருமரங்கள் ஆலும் புளியும் பனையுமாம். ஆல் விழுதூன்றிப் பரவுகிறது. பனை பருக்காமல் உயர்கிறது. இவற்றினின்று மாறுபட்டு, அடியைப் பெருக்கியே வாழ்வது பொந்தன்புளி. இதனை ஆனைப்புளி என்றும் பெருக்கமரம் என்றும் வழங்குவர். ஆப்பிரிக்காவுக்குரிய இம்மரத்தை அரபு வணிகர் நம் கரைகளுக்குக் கொணர்ந்தனர் என்பது பலர் கருத்து. இராமநாதபுரக் கரையோரத்திலும் இலங்கையின் நெடுந்தீவிலும் மன்னாரிலும் இது உண்டு. மன்னார்ப் பள்ளிமுனையில் உள்ள மரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19.5 மீட்டர், உயரமோ 7.5 மீட்டரளவே.

இத்துணைப் பருமனுக்குக் காரணம் நீர். இம்மரம் தேக்கைப் போல வைரம் பாய்வதில்லை. மென்மையான இதன் கட்டையில் பாதிக்கு மேற்பட்ட எடை நீரேயாகும். அடிமரம் வறட்சியில் சற்றுச் சுருங்கி, மழையில் பருக்கும். மடகாஸ்கர் தீவில் இவ்வின மரங்களை ஆராய்ந்தோர், இந்நீர் மழைக்கு முன்னே தளிர் விடுவதற்கும், மென்கட்டை சாயாமல் விறைத்து நிற்பதற்கும் முக்கியமாகப் பயன்படுவதைக் கண்டனர். குடியானவர் கோடையில் உண்ணாமல் காத்த விதைநெல்லைப் பருவத்தில் எடுப்பது போன்றதே இது.

இதன் விதையின் ஓடு கடினமானது. வெந்நீரில் ஊறவைத்து விதைத்தால் எளிதில் முளைக்கும். இளங்கன்றில் இலைகள் தனித்தனியாக இருக்கும்; வளர்ந்தபின் இலவ மரத்தைப் போல ஐந்து முதல் ஏழு சிற்றிலைகள் விரல்களாக விரியும். இளமரம் நுனி குறுகி நிற்கும். பின்னர் குதிரைப்போல் உருண்டு திரளும். குதிர் என்றது நெற்குதிரையே. முதுமரங்களிற் சில, பல தண்டுகள் வளையமாக எழுந்து ஒன்றோடொன்று கூடியவை. அவற்றின் நடுவிலுள்ள வெற்றிடத்திலும் பட்டை காணப்படும். ஆதலால் பொந்து எல்லாம் அழுகல் ஆகாது.

பருமனைக் கொண்டு வயதைக் கணிக்கவும் இயலாது. மண்ணும் மழையும் வளர்ச்சியை மாற்றுகின்றன. ஆண்டு வளையங்களும் தெளிவாக அமைவதில்லை. கரிமக் கதிரியக்கச் சோதனையே நம்பத்தக்க வழி. அவ்வாறு கணித்ததில் சிம்பாப்வேயின் ஒரு மரம் ஏறத்தாழ 2,450 ஆண்டுகள் வாழ்ந்தது தெரிந்தது. ஆப்பிரிக்காவின் மிக முதிய 13 மரங்களில் 9 மரங்கள், 2005க்குப் பின் முழுமையாகவோ பகுதியாகவோ மடிந்ததாக 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தட்பவெப்ப மாறுதலே காரணமாகலாம் என ஆய்வாளர் ஐயுறுகின்றனர்.

இம்மரம் உள்ள ஊரின் பஞ்சாயத்தார் மனத்திற் கொள்ள வேண்டியவை சில. இலையுதிர்ந்த மரத்தைப் பட்டதென்று எண்ணி வெட்டலாகாது. மேற்பட்டையைச் சிறிது கீறினால் உள்ளே பசுமை தெரியும். பொந்தில் குப்பை கொட்டுவதையும் தீ மூட்டுவதையும் தடுக்கவேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும். எனவே புதிய கன்றை ஏரிப்படுகையில் நடாமல், வடிகாலுள்ள மேட்டில், வீடுகளுக்குத் தொலைவாக நடுதல் நன்று. ஆண்டுதோறும் ஒரே பருவத்தில், தரையினின்று 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவை அளந்து குறித்து வைத்தால், மரத்தின் நலிவு முன்கூட்டியே புலப்படும்.

பல தலைமுறைகள் வளர்த்த மரத்தை வீழ்த்த ஒரு நாள் போதும். அதன் இயல்பை அறிந்தபின் தீர்மானிப்பதே நம் கடமையாகும்.