மூதாதையரைக் காட்டித் தரும் நிலப் பட்டா

அமெரிக்காவில் ஆரம்பத்தில் குடியேறிய ஒருவரை இன்டர்நெட்டில் தேடுவது எப்படி? பழகிப் பார்க்க நான் எடுத்துக்கொண்ட பெயர் டேனியல் ஃப்ரீமன். 1862-ல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டப்படி இலவச நிலம் கேட்டு, 1863 ஜனவரி 1 அன்றே மனு கொடுத்தவர்.

பெயரை மட்டும் டைப் செய்தேன். அதே பெயரில் பலர் வந்தார்கள். நம் ஆள் யார்? இங்கேதான் நிலப் பதிவு கைகொடுக்கிறது.

1. கூகுளில் 'பி.எல்.எம். ஜி.எல்.ஓ. ரெக்கார்ட்ஸ்' என ஆங்கிலத்தில் டைப் செய்து, அமெரிக்க அரசின் நிலப் பதிவுத் தளத்தைத் திறங்கள். கட்டணம் இல்லை.

2. தேடும் பக்கத்தில் மாநிலம் நெப்ராஸ்கா, கவுண்டி கேஜ் எனத் தேர்ந்தெடுத்து, பெயரைக் கொடுங்கள்.

3. பட்டாவில் உள்ள ஆண்டையும் நில விவரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஃப்ரீமனுக்குப் பட்டா கிடைத்தது 1869-ல். 5 ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால்தான் இலவசப் பட்டா. எனவே குடும்பத்தையும் அங்கேதான் தேட வேண்டும்.

4. ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி, அதே கவுண்டியின் 1870, 1880 சென்சஸ்களைப் பாருங்கள். மனைவி, மகன் என்ற உறவுமுறை 1880-ல்தான் எழுதப்பட்டது.

டெக்சாஸ், வர்ஜீனியா நிலங்களை மாநிலங்களே வழங்கின; அவற்றை அந்தந்த மாநிலப் பதிவுகளில் தேடுங்கள்.

பெயர், இடம், ஆண்டு மூன்றும் பொருந்தினால் மட்டுமே வம்சாவளியில் சேருங்கள். பெயரை மட்டும் நம்பினால், அடுத்த வீட்டுத் தாத்தா நம் தாத்தாவாகிவிடுவார்!