தோளுக்குத் தோள் கொடுக்கும் நால்வர்!

உட்கார்ந்த இடத்திலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாமா? வலது கையை மேலே தூக்கி, தலைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பின்கழுத்தைத் தொடுங்கள். தொட்டாச்சா? இப்போது அதே கையைக் கீழே இறக்கி, முதுகுக்குப் பின்னால் வளையுங்கள். கட்டைவிரல் முதுகெலும்பில் எவ்வளவு உயரம் வரை ஏறுகிறது என்று கவனியுங்கள். அடுத்து இடது கையாலும் இதையே செய்யுங்கள்.

இரண்டு கையும் கிட்டத்தட்ட ஒரே உயரத்துக்குப் போனால் சந்தோஷம். அதிகம் வேலை செய்கிற கை ஓரிரு அங்குலம் குறைவாகப் போனாலும் கவலை இல்லை. ஆனால் ஒரு கை மட்டும் இடுப்போடு நின்றுவிட்டதா? அப்படியானால் மேற்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

தலை பின்னுவது, புடவைத் தலைப்பைத் தோளில் போடுவது, பரணிலிருந்து பாத்திரம் எடுப்பது, பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்து நிற்பது... இதையெல்லாம் ஒரு நாளில் எத்தனை தடவை செய்கிறோம்! ஒரு தடவையாவது தோளைப் பற்றி நினைத்திருப்போமா? வலி வந்த பிறகுதான் நினைப்போம். அப்போதும் என்ன செய்கிறோம்? ‘பிடிச்சுக்கிச்சு, ரெண்டு நாள்ல சரியாயிடும்’ என்று ஒரு தைலத்தைத் தடவிவிட்டு, கையை அசைக்காமல் உடம்போடு ஒட்டியே வைத்துக்கொள்கிறோம். பல வீடுகளில் தோள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

லட்டும் சின்னத் தட்டும்

மேல்கை எலும்பின் நுனி பந்து மாதிரி உருண்டையாக இருக்கும். முதுகின் மேல்பக்கம் முக்கோணமாகத் தெரிகிறதே தோள்பட்டை எலும்பு, அதன் ஓரத்தில் ஒரு சின்னக் குழி உண்டு. பந்தும் குழியும் சேர்வதுதான் தோள் மூட்டு.

இடுப்பிலும் பந்துக் கிண்ண மூட்டுதான் இருக்கிறது. ஆனால் அங்கே கிண்ணம் ஆழம். பந்து உள்ளே நன்றாக அமர்ந்திருக்கும். தோளிலோ குழி ரொம்ப ஆழமில்லை. பந்தின் பரப்பு குழியைப் போல மூன்று நான்கு மடங்கு பெரியது. ஒரு பெரிய லட்டைச் சின்னத் தட்டில், அதுவும் செங்குத்தாக நிறுத்திய தட்டில், ஒட்டி வைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான்!

இந்த அமைப்பால் நமக்குக் கிடைத்த லாபம், கை எல்லாத் திசையிலும் சுழல்கிறது. உடம்பில் வேறெந்த மூட்டுக்கும் இவ்வளவு சுதந்திரம் கிடையாது. நஷ்டம், பிடிப்பு குறைவு. பெரிய மூட்டுகளில் அதிகமாக நழுவுவது தோள்தான்.

கையை உடம்போடு இணைக்கிற எலும்பு என்று பார்த்தால் காறை எலும்பு ஒன்றுதான். மற்றதெல்லாம் தசைகளின் தயவு. தோள்பட்டை எலும்பில் மட்டும் 17 தசைகள் வந்து சேர்கின்றன. அவற்றில் நாலு பேரை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூரைக்கு அடியில் நால்வர்

இடது கையை வலது தோளுக்கு மேலாகப் போட்டு முதுகுப்பக்கம் தடவிப் பாருங்கள். குறுக்காக ஓர் எலும்பு மேடு தட்டுப்படுகிறதா? அந்த மேட்டுக்கு மேலே உள்ள பள்ளத்தில் படுத்திருப்பவர் சுப்ராஸ்பைனேட்டஸ். கையைப் பக்கவாட்டில் தூக்க ஆரம்பிக்கும்போது இவருடைய உதவி முக்கியம்.

மேட்டுக்குக் கீழே பரந்திருப்பவர் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ். அவருக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தம்பி டெரெஸ் மைனர். இருவரும் சேர்ந்து கையை வெளிப்பக்கமாகத் திருப்புகிறார்கள்.

நாலாமவர் சப்ஸ்கேப்புலாரிஸ். நால்வரில் இவர்தான் பெரியவர், ஆனால் சாதாரணமாகக் கைக்குத் தட்டுப்பட மாட்டார். தோள்பட்டை எலும்புக்கும் விலா எலும்புக்கும் நடுவில் ஒளிந்திருக்கிறார். கையை உள்பக்கமாகத் திருப்புவது இவர் வேலை. முதுகுக்குப் பின்னால் கையை வைத்து, அங்கிருந்து பின்பக்கமாக விலக்குகிறீர்களே, அது இவர் செய்வதுதான்.

இந்த நால்வரின் தசைநாண்களும் ஒன்றாகச் சேர்ந்து, முழுக்கைச் சட்டையின் கஃப் மணிக்கட்டைச் சுற்றிக்கொள்வது மாதிரி, எலும்புப் பந்தைச் சுற்றிக்கொள்கின்றன. அதனால்தான் டாக்டர்கள் இதை ‘ரொட்டேட்டர் கஃப்’ என்கிறார்கள். கையைத் திருப்புவதைவிட இவர்களுடைய பெரிய வேலை ஒன்று உண்டு. நாம் கையை எப்படி ஆட்டினாலும், பந்து குழியை விட்டு நகராமல் அழுத்திப் பிடிப்பது!

வெளியே தெரியும் பலசாலிகள்

தோளுக்கு உருண்டை வடிவம் தருவது டெல்டாய்டு. தடுப்பூசி போடும் இடம். கிரேக்க எழுத்தான டெல்டா முக்கோண வடிவம். காவிரி டெல்டா என்கிறோமே, அதே டெல்டாதான். முன், நடு, பின் என்று மூன்று பகுதி கொண்ட இந்தத் தசை கையை முன்னாலும் பக்கத்திலும் பின்னாலும் தூக்கும்.

டெல்டாய்டு பலசாலி. ஆனால் கையைத் தூக்கும்போது அது எலும்பை மேல்நோக்கி இழுக்கும். பந்துக்கு நேர் மேலே எலும்பாலான ஒரு கூரை இருக்கிறது. கஃப் நால்வரும் பந்தைக் கீழே இழுத்துப் பிடிக்காவிட்டால், தாழ்ந்த நிலைப்படியில் தலை இடிப்பதுபோலப் பந்து கூரையில் போய் இடிக்கும். நடுவில் அகப்பட்டு நசுங்குவது யார்? பாவம், சுப்ராஸ்பைனேட்டஸின் தசைநாண். கஃபில் அதிகமாகக் கிழிவதும் இதுதான்.

மார்பிலிருந்து வரும் பெக்டொராலிஸ் மேஜர் கையை முன்னால் அணைக்கும். முதுகின் கீழிருந்து ஏறிவரும் லாட்டிஸிமஸ் டார்சை, தூக்கிய கையைக் கீழே இழுக்கும். கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது உழைப்பது இதுவே.

தோள்பட்டை எலும்பும் சும்மா இருப்பதில்லை. கையை முழுசாக 180 டிகிரி தூக்கும்போது, சுமார் 120 டிகிரிதான் தோள் மூட்டின் பங்கு. மீதி 60 டிகிரி, தோள்பட்டை எலும்பு விலாவின் மேல் சறுக்கித் திரும்புவதால் கிடைக்கிறது. அதைத் திருப்புகிறவர்கள் கழுத்திலிருந்து நடு முதுகுவரை விரிந்திருக்கும் டிரபீஸியஸும், விலாவோரம் இருக்கும் செர்ரேட்டஸும். மணிக்கணக்கில் கூன் போட்டு செல்போனைப் பார்ப்பவர்களுக்குத் தோள்பட்டை முன்னால் சரிகிறது. கூரைக்கு அடியில் இடம் குறைகிறது. நிமிர்ந்து உட்காரச் சொல்வது அழகுக்காக மட்டும் இல்லை!

பழுது எங்கே?

தோள் வலி என்றால் எல்லாமே ஒன்று அல்ல. வீட்டில் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பாருங்கள்.

1. கையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்குங்கள். ஆரம்பத்தில் வலி இல்லை, நடுவில் 60 முதல் 120 டிகிரிக்குள் சுளீர் என்கிறது, அதைத் தாண்டினால் குறைகிறது என்றால், கூரைக்கு அடியில் தசைநாண் உரசுகிறது என்று சந்தேகிக்கலாம்.

2. நீங்களாகத் தூக்கினால் கை ஏறவில்லை. ஆனால் இன்னொருவர் பிடித்துத் தூக்கினால் தாராளமாக ஏறுகிறது. மூட்டு நன்றாக இருக்கிறது, இழுக்கும் கயிறு அறுந்திருக்கலாம். அதாவது கஃப் கிழிந்திருக்கலாம். நரம்புக் கோளாறிலும் இப்படி ஆகும்.

3. நீங்கள் தூக்கினாலும் ஏறவில்லை, மற்றவர் தூக்கினாலும் ஏறவில்லை. முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பினால், அந்தக் கை மட்டும் பாதியில் நிற்கிறது. இது பெரும்பாலும் ‘ஃப்ரோஸன் ஷோல்டர்’. மூட்டுத் தேய்மானத்திலும் இப்படி வரலாம். எக்ஸ்ரே எடுத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

4. வலி முழங்கையைத் தாண்டி விரல்வரை ஓடுகிறது, விரல் மரத்துப்போகிறது என்றால் கோளாறு கழுத்தில் இருக்கலாம்.

இது வழிகாட்டத்தான். முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர்.

உறைந்துபோன தோள்

பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் 1934-ல் வைத்த பெயர் ‘ஃப்ரோஸன் ஷோல்டர்’. மூட்டைச் சுற்றியுள்ள மெல்லிய உறை வீங்கி, தடித்து, சுருங்கிவிடுகிறது. பெரும்பாலும் 40 முதல் 60 வயதுக்குள் வருகிறது. பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இன்னும் அதிகம். தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும், எலும்பு முறிவு, பக்கவாதம், மார்பக ஆபரேஷன் என்று ஏதோ காரணத்தால் கையை நாள்கணக்கில் அசைக்காமல் வைத்திருந்தவர்களுக்கும் வரும். காரணமே தெரியாமலும் வரும்.

முதலில் வலி, அதுவும் ராத்திரியில் தூங்கவிடாது. அடுத்த கட்டத்தில் வலி குறையும், இறுக்கம் கூடும். கடைசியில் மெல்ல மெல்ல இளகும். இதெல்லாம் முடிய ஒன்றிலிருந்து மூன்று வருஷம்கூட ஆகலாம். சிலருக்குக் கொஞ்சம் இறுக்கம் மிச்சம் இருந்துவிடும். ஆரம்பத்திலேயே கவனித்தால் வலி மாத்திரை, மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி, பிஸியோதெரபி என்று வழி உண்டு. சர்க்கரை இருப்பவர்கள் ஊசிக்கு முன் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஊசி போட்ட பிறகு சில நாள் சர்க்கரை ஏறும்.

இன்னொன்று. காரணமில்லாமல் தோள் இறுகினால் ரத்தத்தில் சர்க்கரை பார்த்துவிடுங்கள். சிலருக்குச் சர்க்கரை இருப்பதே தோள் சொல்லித்தான் தெரிகிறது!

வீட்டில் செய்ய...

அடிபட்ட தோளுக்கு டாக்டர் பார்க்காமல் பயிற்சி வேண்டாம். மற்றவர்கள் பத்து நிமிஷம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்த பிறகு, தினம் இரண்டு மூன்று வேளை செய்யலாம்.

ஊஞ்சல்: நல்ல கையை மேஜைமேல் ஊன்றிக் குனியுங்கள். வலிக்கும் கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு முன்னும் பின்னும், பிறகு சின்ன வட்டமாக ஆட்டுங்கள். இது காட்மன் பெயரால் வழங்கும் பயிற்சி.

சுவர் ஏறுதல்: சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் பூச்சி ஊர்வதுபோல மேலே ஏறுங்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். வாரம் ஒரு முறை பார்த்தால் முன்னேற்றம் தெரியும்.

துண்டு: முதுகு துடைப்பதுபோலத் துண்டைப் பின்னால் பிடித்து, மேலே உள்ள நல்ல கையால் மற்ற கையை மெல்ல மேலே இழுங்கள்.

ட்யூப்: வலி தணிந்த பிறகு மட்டும். பழைய சைக்கிள் ட்யூப் துண்டை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை இடுப்போடு ஒட்டி, முன்கையை வெளிப்பக்கமாக இழுங்கள். கஃப் தசைகளுக்கு வலு சேரும்.

இழுப்பு தெரியலாம், ஆனால் செய்து முடித்த பிறகும் வலி நெடுநேரம் நீடித்தால் நேற்றைவிட அதிகம் செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம். குறைத்துக்கொள்ளுங்கள். சட்டையோ ரவிக்கையோ போடும்போது வலிக்கும் கையை முதலில் நுழையுங்கள். கழற்றும்போது கடைசியாக எடுங்கள். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்காதீர்கள்.

தாமதிக்கவே கூடாத நேரங்கள்

கீழே விழுந்து தோள் நழுவிவிட்டால், தெரிந்தவர் தெரியாதவர் யாரையும் இழுத்துவிட அனுமதிக்காதீர்கள். எலும்பு முறிந்திருக்கலாம். பக்கத்திலேயே ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. கையைத் துணியால் தாங்கிக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நாற்பது தாண்டியவர் விழுந்த பிறகு கையைத் தூக்க முடியவில்லை, எக்ஸ்ரேயில் முறிவும் இல்லை. ‘எலும்பு நல்லாத்தான் இருக்கு’ என்று திரும்பிவிடக் கூடாது. தசைநாண் எக்ஸ்ரேயில் தெரியாது. ஸ்கேன் தேவைப்படலாம். முழுசாகக் கிழிந்த தசைநாண் நாளாக நாளாகப் பின்வாங்கும். தசை இளைத்துக் கொழுப்பாக மாறும். பிறகு தைத்துச் சேர்ப்பது கஷ்டம்.

தோள் வலியோடு காய்ச்சல், மூட்டில் சூடு, வீக்கம் இருந்தால் அன்றே காட்டுங்கள். தோளை அசைத்தாலும் அசைக்காவிட்டாலும் ஒரே மாதிரி வலி, கூடவே நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் தைலம் தேடாதீர்கள். அது இதயமாக இருக்கலாம். உடனே கிளம்புங்கள்.

இந்தப் பக்கத்தை மூடுவதற்குள் வீட்டில் இருப்பவர்களையும் ஒரு தடவை கவனியுங்கள். அம்மா கொடியில் துணி உலர்த்தும்போது ஒரு கையை மட்டுமே தூக்குகிறாரா? அப்பா சட்டை போடக் கஷ்டப்படுகிறாரா? கேட்டால் ‘ஒண்ணுமில்லை’ என்றுதான் சொல்வார்கள். கழுத்தைத் தொடு, முதுகைத் தொடு என்று அந்த ஒரு நிமிஷச் சோதனையைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். தோள் மறைக்காது, சொல்லிவிடும்.