பரிசுக்குப் பாம்பு பிடித்தால் பாம்பு குறையுமா?

கடந்த தவணையில் எமது கல்லூரியில் இல்லங்களுக்கிடையே விவாதப் போட்டி நடைபெற்றது. “அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களைக் கட்டுப்படுத்தப் பொதுமக்கள் வேட்டைப் போட்டியே சிறந்த வழி” என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் எமது இல்லத்துக்கு ஒட்டிப் பேசும் பக்கம் விழுந்தது. அணித் தலைவி என்ற வகையில் தரவு திரட்டும் பொறுப்பு எனக்கு. உயர்தர உயிரியல் மாணவியான எனக்கு உடனே நினைவுக்கு வந்தது, ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நடைபெறும் மலைப்பாம்பு வேட்டைப் போட்டி. ஏறத்தாழ ஆயிரம் பேர் திரண்டு நூற்றுக்கணக்கான பாம்புகளைப் பிடிக்கிறார்கள். இதைவிட நல்ல உதாரணம் வேறு ஏது என்று நினைத்தேன்.

ஒரு வாரம் வாசித்த பின்னர் டீச்சரிடம் போய் நின்றேன். “டீச்சர், நாங்க பேசப்போற பக்கம் பிழை போல இருக்கு” என்றேன். அவர் சிரித்தார். “பேசத்தான் வேணும் மகள். ஆனா, இல்லாததச் சொல்லிப் பேச வேணாம். போட்டியால என்ன நடக்குது, என்ன நடக்கல்ல எண்டு ரெண்டையும் தேடிப் பாருங்க” என்றார். அந்தத் தேடலில் நான் கற்றவற்றையே இக்கட்டுரையில் தருகின்றேன்.

பாம்பு எப்படி அங்கு போய்ச் சேர்ந்தது?

புளோரிடாவின் தென்பகுதியில் எவர்கிளேட்ஸ் என்னும் பெரும் சதுப்பு நிலம் உள்ளது. அதன் ஒரு பகுதி 1947ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. பூங்கா மட்டும் ஏறத்தாழ 6,000 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்லும் நீரும்தான்.

அங்கே இன்று பெருகியிருப்பது பர்மிய மலைப்பாம்பு. அதன் தாயகம் மியன்மார், தாய்லாந்து, வியட்நாம் முதலிய நாடுகள். எமது வயல்களிலும் காடுகளிலும் காணப்படும் வெங்கிணாந்திக்கு அது மிக நெருங்கிய உறவு. 2009ஆம் ஆண்டு வரை இரண்டையும் ஒரே இனத்தின் இரு உபஇனங்களாகவே பல விஞ்ஞானிகள் கருதினர். புளோரிடாவில் பிடிபட்ட ஏறத்தாழ 400 பாம்புகளின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் 13 பாம்புகளில் இந்திய மலைப்பாம்பின் மரபணுக்களும் கலந்திருந்தமை 2018இல் தெரியவந்தது.

கடல் கடந்து இப்பாம்பைக் கொண்டுசென்றவன் மனிதன். செல்லப்பிராணியாக வளர்ப்பதற்காக 1996 முதல் 2006 வரை மட்டும் ஏறத்தாழ 99,000 பர்மிய மலைப்பாம்புகள் அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்யப்பட்டன. கையளவு குஞ்சாக வாங்கிய பாம்பு சில வருடங்களில் 3 மீற்றருக்கு மேல் வளர்ந்துவிடுகிறது. வைத்திருக்கவும் முடியாமல், கொல்லவும் மனமில்லாமல் சிலர் அவற்றைக் காட்டில் விட்டனர். 1992இல் வீசிய அன்ட்ரூ சூறாவளியில் பாம்பு வளர்ப்பு நிலையமொன்று சிதைந்து, அங்கிருந்தும் பாம்புகள் தப்பின. 2000ஆம் ஆண்டளவில் அவை எவர்கிளேட்ஸில் நிலையாக இனம்பெருக்கும் குடித்தொகையாக மாறிவிட்டன என்பது உறுதியானது. இறக்குமதியைத் தடைசெய்யும் சட்டம் 2012இல்தான் வந்தது. அப்போது காலம் கடந்துவிட்டது.

இழந்தது எவ்வளவு?

2003 முதல் 2011 வரை இரவு வேளையில் வீதிகளில் சென்று விலங்குகளை எண்ணிய ஆய்வாளர்கள், அந்த எண்ணிக்கையை 1990களில் எடுத்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டனர். ரக்கூன்கள் 99 வீதத்துக்கு மேல் குறைந்திருந்தன. ஒபோசம் என்னும் பைம்மாவினம் ஏறத்தாழ 99 வீதமும், பொப்கட் என்னும் காட்டுப்பூனை 87 வீதத்துக்கு மேலும் குறைந்திருந்தன. முயல்களும் நரிகளும் கண்ணிலேயே படவில்லை.

இதற்குப் பாம்புதான் காரணமா என்ற ஐயம் எழலாம். அதையும் சோதித்தார்கள். சதுப்பு நில முயல்களுக்கு ரேடியோ கழுத்துப்பட்டி அணிவித்துப் பூங்காவில் விட்டார்கள். இறந்த முயல்களுள் 77 வீதமானவற்றை விழுங்கியவை மலைப்பாம்புகளே என்பது 2015இல் வெளியான முடிவு. அந்நிலத்து முயலுக்கு இப்படியொரு இரைகௌவியோடு வாழ்ந்த பழக்கம் இல்லை. பயப்படவும் தெரியவில்லை, தப்பிக்கவும் தெரியவில்லை.

போட்டியும் கணக்கும்

இந்நிலையில்தான் 2013ஆம் ஆண்டு ஜனவரியில் மாநில அரசு முதலாவது வேட்டைப் போட்டியைத் தொடங்கியது. ஏறத்தாழ 1,600 பேர் பதிவு செய்தனர். ஒரு மாதம் தேடினார்கள். பிடிபட்டவை 68 பாம்புகள். அதாவது 23 பேருக்கு ஒரு பாம்பு.

2016இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 106 பாம்புகளைப் பிடித்தனர். 2021 முதல் போட்டி கோடை காலத்துக்கு மாற்றப்பட்டு, ஆண்டுதோறும் பத்து நாட்கள் நடைபெறுகிறது. அவ்வாண்டு 223, 2022இல் 231, 2023இல் 209, 2024இல் 195, 2025இல் 294 எனப் பாம்புகள் பிடிபட்டன. எண்ணிக்கை கூடியதைக் கண்டு நானும் முதலில் மகிழ்ந்தேன். பின்னர்தான் கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

எவர்கிளேட்ஸில் எத்தனை பாம்புகள் இருக்கின்றன என்று எவராலும் எண்ணிச் சொல்ல முடியவில்லை. பல்லாயிரக்கணக்கில் இருக்கும் என்பதே மதிப்பீடு. ஒரு பெண் பாம்பு ஒரு தடவையில் 50 முதல் 100 முட்டைகள் வரை இடும். 2022இல் அறிவிக்கப்பட்ட ஒரு பெண் பாம்பின் எடை 98 கிலோகிராம். அதன் வயிற்றில் வளர்ச்சியடையும் நிலையில் 122 முட்டைகள் இருந்தன. எனவே ஒரு போட்டியில் பிடிபடும் மொத்தப் பாம்புகளின் எண்ணிக்கையை நான்கைந்து தாய்ப் பாம்புகளின் முட்டைகளே ஈடுசெய்துவிடும். குஞ்சுகள் எல்லாம் தப்பிப் பிழைப்பதில்லை என்பது உண்மை. ஆனால் கோடையில் முட்டைகள் பொரித்துக் குஞ்சுகள் வெளிவருவதால், போட்டியின் எண்ணிக்கையிலும் குஞ்சுகள் சேருகின்றன. ஒரு குஞ்சைப் பிடிப்பதும் முட்டையிடவிருக்கும் ஒரு தாயைப் பிடிப்பதும் பட்டியலில் ஒன்றுதான். குடித்தொகையின் கணக்கில் அவை ஒன்றல்ல.

இயற்கை அடித்த அடிக்கே அவை அசையவில்லை. 2010 ஜனவரியில் புளோரிடாவில் கடுங்குளிர் வந்தது. பூங்காவில் ரேடியோ கருவி பொருத்திக் கண்காணிக்கப்பட்ட 10 மலைப்பாம்புகளில் 9 இறந்தன. அதன் பின்னரும் அவை மீண்டும் பெருகின. அப்படியிருக்க, பத்து நாள் போட்டி எம்மாத்திரம்?

ஏன் கண்ணில் படுவதில்லை?

எமது வயலில் வேளாண்மை வெட்டும் காலத்தில் ஒருமுறை வெங்கிணாந்தியொன்று வெளிப்பட்டது. வரம்போரம் காய்ந்த வைக்கோலோடு வைக்கோலாகக் கிடந்தது. வாப்பா கையால் சுட்டிக் காட்டிய பின்பும் எனக்கு அது பாம்பாகத் தெரிய நெடுநேரம் எடுத்தது. “ஒண்டும் செய்யாதீங்க, அது எலி பிடிக்கிற சாமான்” என்று சொல்லி அதைப் பற்றைப் பக்கம் போகவிட்டார்கள்.

எவர்கிளேட்ஸிலும் இதே கதைதான். ஓரிடத்தில் இருக்கும் ஒரு மலைப்பாம்பைத் தேடுபவர் கண்டுபிடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்று ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். போட்டியாளர்கள் பெரும்பாலும் வீதியோரங்களிலும் அணைக்கட்டுகளிலும் தேடுகிறார்கள். சதுப்பின் நடுப்பகுதிக்குள் எளிதில் இறங்க முடியாது. எனவே ஆட்களின் தொகை கூடுவதால் மட்டும் பயனில்லை. பழகிய கண் வேண்டும்.

இதற்கு நல்ல சான்று தமிழ்நாட்டின் இருளர் சமூகத்திலிருந்து கிடைத்தது. தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடிப்பதில் தேர்ந்தவர்கள் இருளர்கள். 2017இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவர் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டனர். இரண்டு வாரத்துக்குள் அவர்கள் பிடிக்க உதவிய பாம்புகள் 13. தடம் பார்த்தும், புல் சாய்ந்திருக்கும் விதம் பார்த்தும், எச்சம் பார்த்தும் பாம்பு போன வழியை அறிந்தார்கள். முந்திய ஆண்டில் ஆயிரம் பேர் ஒரு மாதத்தில் பிடித்தது 106 என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2023இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

2025ஆம் ஆண்டுப் போட்டியும் இதையே காட்டுகிறது. 934 பேர் பங்குபற்றினர். பிடிபட்ட 294 பாம்புகளில் 60 பாம்புகளைப் பிடித்து, 10,000 டொலர் முதற்பரிசை வென்றவர் ஒரு பெண். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒருவர் கையால்! பெண்களுக்குப் பாம்பென்றால் பயம் என்போர் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

அப்படியானால் எது பயன் தருகிறது?

2017 முதல் புளோரிடாவில் பயிற்சி பெற்றவர்களுக்கு மணித்தியாலக் கூலி கொடுத்து ஆண்டு முழுவதும் பாம்பு தேட வைக்கிறார்கள். பாம்பின் நீளத்துக்கேற்ப மேலதிகக் கொடுப்பனவும், முட்டைக் கூட்டைக் கண்டுபிடித்தால் தனிக் கொடுப்பனவும் உண்டு. தென்மேற்குப் புளோரிடாவிலுள்ள ஒரு பாதுகாப்பு நிறுவனம் 2013 முதல் வேறொரு முறையைக் கையாள்கிறது. ஆண் பாம்பின் உடலில் ரேடியோ கருவியை வைத்து விட்டுவிடுகிறார்கள். இனப்பெருக்க காலத்தில் அது பெண் பாம்பைத் தேடிப் போகும். பின்தொடர்ந்து சென்று, முட்டையிட முன்னரே பெண் பாம்பைப் பிடித்துவிடுகிறார்கள். இவ்வழியில் அகற்றப்பட்ட பாம்புகளின் எடை 18 தொன்னைத் தாண்டிவிட்டது.

இவ்வளவு செய்தும் முழுவதுமாக ஒழிப்பது இன்றுள்ள முறைகளால் இயலாது என்றே விஞ்ஞானிகள் 2023இல் எழுதினர். பரவாமல் தடுக்கலாம், குறைக்கலாம். அவ்வளவுதான்.

போட்டிக்கும் ஒரு நன்மை உண்டு

டீச்சர் சொன்னபடி மறுபக்கத்தையும் தேடினேன். போட்டியாளர்கள் இணையவழிப் பயிற்சியில் கட்டாயம் தேர்ச்சி பெற வேண்டும். உள்நாட்டுப் பாம்பையும் அந்நியப் பாம்பையும் பிரித்தறிய அதில் கற்கிறார்கள். பாம்பை வதைக்காமல், முதலில் ஒரே கணத்தில் உணர்விழக்கச் செய்து, பின்னர் மூளையை அழிக்க வேண்டும் என்பது விதி. அறுக்கும் பிராணியைக்கூட வதைக்கலாகாது என்று சிறுவயதில் ஓதப்போன இடத்தில் கற்ற எமக்கு இவ்விதியின் நியாயம் எளிதில் விளங்கும். அந்தப் பாம்பு தானாக அங்கு வரவில்லை. அதன் தாயகத்தில் அதுவே இன்று அழியும் ஆபத்தை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

ஒப்படைக்கப்படும் பாம்புகளிலிருந்து ஆய்வுத் தகவல்கள் கிடைக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டுக்கு ஒருமுறை முழு நாடும் இந்தப் பாம்பைப் பற்றிப் பேசுகிறது. வேண்டாத செல்லப்பிராணியைத் தண்டனையின்றி ஒப்படைக்கும் திட்டமொன்றும் புளோரிடாவில் உண்டு. காட்டில் விடாமல் அங்கு கொண்டுபோய்க் கொடுக்க ஒருவருக்காவது மனம் வந்தால், அதுவே பெரும் வெற்றி.

விவாத மேடையில் இதைத்தான் சொன்னேன். “போட்டி பாம்பைக் குறைப்பதைவிட, மனிதர் மீண்டும் அதே தவறைச் செய்வதைக் குறைக்கும். அந்த வகையில் மட்டுமே அது நல்ல வழி” என்றேன். எதிரணித் தலைவி உடனே எழுந்து, “அப்படியெண்டா ‘சிறந்த வழி’ எண்ட தலைப்பை நீங்களே கைவிட்டுட்டீங்க” என்றாள். அவள் சொன்னது சரி. நாம் இரண்டு புள்ளிகளால் தோற்றோம். என் அணியில் இருவர் ஒரு நாள் முழுவதும் என்னோடு பேசவில்லை.

வீட்டுக்கு வந்தால் இன்னொரு விவாதம் காத்திருந்தது. தம்பியின் கண்ணாடித் தொட்டியில் ‘டேங்க் கிளீனர்’ மீன் ஒன்று இருந்தது. விரலளவாக வாங்கியது முழங்கை அளவுக்கு வளர்ந்துவிட்டது. “பாவம், குளத்தில விட்டா நல்லா வாழும், நன்மையும் கிடைக்கும்” என்றார் மூத்தம்மா. இம்மீன் தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. இப்படி இரக்கப்பட்டு விடப்பட்டதால்தான் எமது குளங்களிலும் ஆறுகளிலும் ஆக்கிரமிப்பு இனமாகப் பெருகியுள்ளது. மூத்தம்மாவுக்கு அருகில் அமர்ந்து புளோரிடாவின் கதையை முழுவதுமாகச் சொன்னேன். முயல்கள் காணாமற்போன இடத்தில் அவர் “அல்லாஹ்வே” என்றார். பின்னர், “அப்ப வாங்கின கடைக்கே குடுத்திரு மகன்” என்று தம்பியிடம் சொன்னார்.

தம்பி அழுதான். ஆனாலும் மறுநாள் வாப்பாவோடு போய்க் கொடுத்துவிட்டு வந்தான். கடைக்காரர் பணம் எதுவும் தரவில்லை. பெற்றோரிடமும் சகோதரிகளிடமும் நான் கேட்பதும் இவ்வளவுதான். ஓர் உயிரை வாங்கு முன்னர் அது எவ்வளவு வளரும், எத்தனை வருடம் வாழும் என்று கேளுங்கள். வளர்க்க முடியாமற்போனால் திருப்பிக் கொடுங்கள். குளத்திலோ காட்டிலோ விடாதீர்கள். பிறகு ஆயிரம் பேர் திரண்டு தேடினாலும் அது கையில் அகப்படாது.