எக்கோ அறிக்கையில் ‘மைல்ட்’ என்று இருந்தால்

கமுந்திங்கில் முழு உடல் பரிசோதனைக்குப் போய் வருகிறவர்களின் கையில் இப்போதெல்லாம் இருதய எக்கோ அறிக்கையும் இருக்கிறது. அதில் ‘மைல்ட்’ என்ற சொல் கண்ணில் பட்டதும் வீடே கலங்கிவிடுகிறது. கோலாலம்பூரில் இருக்கும் பிள்ளைகள் உடனே தேசிய இருதயக் கழகத்துக்குப் போகலாம் என்கிறார்கள். பெரும்பாலும் அந்த அவசரம் தேவைப்படாது. அதற்காக அறிக்கையை அலமாரியில் போட்டு மறந்துவிடவும் கூடாது.

முதலில், கையில் இருப்பது எந்தப் பரிசோதனை என்று பாருங்கள். ஈ.சி.ஜி. இருதயத்தின் மின்னோட்டத்தைக் கோடுகளாகக் காட்டும். அந்தத் தாளின் மேலே ‘அப்நார்மல்’ என்று பல நேரங்களில் இயந்திரமே அச்சடித்துவிடும்; டாக்டர் படித்துச் சொல்லும்வரை அது முடிவல்ல. எக்கோ, ஒலியலையால் எடுக்கும் படம்.

எக்கோவில் முதலில் ‘ஈ.எஃப்.’ என்ற எண்ணைத் தேடுங்கள். இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் உள்ள ரத்தத்தில் எத்தனை விழுக்காட்டை வெளியே தள்ளுகிறது என்பதை அது சொல்லும். ஆண்களுக்கு 52 முதல் 72, பெண்களுக்கு 54 முதல் 74 வரை இயல்பு. 60 என்று பார்த்துவிட்டு, இருதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று அழுதுவிடாதீர்கள். நூறு யாருக்கும் வராது. அளப்பவர் மாறினாலே சில புள்ளிகள் கூடும், குறையும்.

அடுத்தது வால்வுக் கசிவு. ‘டிரிவியல்’ என்று எழுதியிருக்கும் ட்ரைகஸ்பிட் கசிவு, நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்கள் பலரிடமும் உண்டு. மைட்ரல் வால்வில் லேசான கசிவு இருந்து, வால்வின் அமைப்பு சரியாக இருந்தால், மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் மறுபடி எக்கோ எடுத்துப் பார்ப்பதே வழக்கம். ஆனால் வால்வு தடித்திருப்பதாக எழுதியிருந்தால், வீட்டில் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, மாதாமாதம் பென்சிலின் ஊசி போட்டார்களா? ருமாட்டிக் காய்ச்சல் நெரிசலான குடியிருப்புகளில் அதிகம் வரும் நோய். எஸ்டேட் லயங்களில் வளர்ந்தவர்கள் இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

‘கிரேடு 1 டயஸ்டாலிக்’, ‘மைல்ட் எல்.வி.எச்.’ என்ற இரண்டையும்தான் நான் அதிகம் பொருட்படுத்துவேன். முதலாவது, இருதயத் தசை தளர்ந்து விரிவதில் உள்ள தாமதம். அறுபதைத் தாண்டியவர்களிடம் சாதாரணமாகக் காணப்படும். இரண்டாவது, தசைச் சுவர் தடிப்பது. இரண்டுக்கும் பின்னால் பெரும்பாலும் ரத்தக் கொதிப்பு இருக்கும். 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. ஆகவே ஒரு வாரம் வீட்டிலேயே அளந்து பாருங்கள். காலையில் காப்பிக்கும் மருந்துக்கும் முன், மாலையில் ஒருமுறை. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால்களைத் தரையில் ஊன்றி, பேசாமல், இரண்டு முறை அளந்து தேதியோடு எழுதுங்கள். சராசரி 135/85ஐத் தொட்டாலோ தாண்டினாலோ சிகிச்சை பற்றிப் பேச வேண்டும். கருவாடு, நெத்திலி, கிச்சாப், பெலாச்சான் சம்பல் எல்லாவற்றிலும் கொதிப்பை ஏற்றும் உப்பு ஒளிந்திருக்கிறது. இனிப்பு நீர் இருந்தால் அதையும் கட்டுக்குள் வையுங்கள்.

ரத்தக் கொதிப்பு அளந்து எழுதிய குறிப்பையும் அறிக்கையையும் பழைய எக்கோ இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள்; குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். தேவைப்பட்டால் தைப்பிங் மருத்துவமனைக்கோ ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனைக்கோ கடிதம் தருவார்கள். இது எதனால் வந்தது, முன்பைவிட மாறியிருக்கிறதா, அடுத்த எக்கோ எப்போது என்று கேட்காமல் எழுந்து வராதீர்கள். மலாயில் தடுமாற்றம் இருந்தால் பிள்ளை ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுக்கும் எக்கோ, இருதய ரத்தக் குழாய்களில் உள்ள அடைப்பைக் காட்டாது. நடக்கும்போது நெஞ்சு இறுகினால், படி ஏறும்போது புதிதாக மூச்சு வாங்கினால், மயங்கி விழுந்தால், ‘மைல்ட்’ என்று எழுதியதை நம்பி அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம். ஓய்ந்தும் நெஞ்சுவலி விடவில்லையா, 999ஐ அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.